சாப்பாட்டுப் பெட்டி அப்படியே திரும்பி வருகிறது: பள்ளிக்கூடத்துக்கு என்ன கட்டிக் கொடுக்கிறீர்கள்?

உப்புவெளி அம்மா | ஞாயிறு இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை வைத்திருக்கும் அம்மா அப்பாமாரிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும்.

மகள் தரம் 3 படிக்கிறாள். ஸ்கூல் வான் 6:40க்கு வாசலில் வந்து நிற்கும். எனக்கு 7:15 பஸ். விடிய 4:45க்கு எழும்பி இடியப்பமும் சம்பலும், இல்லாவிட்டால் புட்டும் முட்டைப் பொரியலும் கட்டிக் கொடுக்கிறேன். பின்னேரம் பெட்டியைத் திறந்தால் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. சில நாள் கை வைத்த அடையாளமே இல்லை. போன வியாழன் சம்பல் புளித்து மணத்தது. புட்டு, மூடியில் வடிந்த தண்ணீரில் ஊறிக் களி மாதிரி ஆகிவிட்டது.

ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால் "பசிக்கேல்ல அம்மா" என்று மட்டும்தான் சொல்கிறாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் உடுப்பு மாற்றக் கூடப் பொறுமை இல்லாமல் சோற்றுக் கோப்பையோடு உட்காருகிறாள். அப்படியென்றால் பசி இருந்திருக்கிறதுதானே? கிளினிக்கில் நிறை பார்த்தபோது வயசுக்குக் கொஞ்சம் குறைவு என்றார்கள். அன்றிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை.

காலையில் 15 நிமிடத்துக்குள் முடிய வேண்டும், இந்த வெயிலுக்குப் பழுதாகக் கூடாது, வெள்ளிக்கிழமை சைவமாக இருக்க வேண்டும். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?


பாலையூற்று அக்கா | ஞாயிறு இரவு 9:38

தங்கச்சி, எனக்கு மூன்று பிள்ளைகள், மூன்று பேரும் மூன்று விதம். என்ன சமைப்பது என்று யோசிக்க முதல், இடைவேளை எத்தனை நிமிடம், பிள்ளை எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறது, கை கழுவக் குழாய் எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். என் நடுவில் மகனுக்கு இடைவேளை 20 நிமிடம். குழாயடியில் வரிசையில் நின்று கை கழுவி வர 5 நிமிடம் போய்விடும். பிறகு விளையாட ஓட வேண்டும், மலசலகூடம் போக வேண்டும். சாப்பிட மிஞ்சுவது 8 நிமிடமோ 10 நிமிடமோதான்.

இடியப்பம் சம்பலோடு பிசைந்து சாப்பிடுகிற சாப்பாடு. வீட்டில் நாங்கள் பக்கத்தில் இருந்து குழைத்துக் கொடுக்கிறோம். அங்கே பிள்ளை தானே பிசைந்து, தானே சாப்பிட்டு, திரும்பக் கை கழுவ வேண்டும். நான் இடியப்பத்தை முழுதாகக் கட்டுவதை விட்டுவிட்டேன். உதிர்த்து, வெங்காயம், கரட், முட்டை போட்டுத் தாளித்துக் கரண்டியோடு கொடுத்தால் காலியாக வருகிறது. கடையில் வாங்கின இடியப்பம் என்றாலும் சரி, 7 நிமிடத்தில் முடியும்.


நிலாவெளி தம்பி | ஞாயிறு இரவு 9:51

அக்கா, ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள்? ஒரு பனிஸும் ஒரு ஜூஸ் பக்கற்றும் கொடுத்துவிடுங்கள். என் மகன் அதைத்தான் விரும்பிச் சாப்பிடுவான்.


சீனக்குடா அப்பா | ஞாயிறு இரவு 10:20

மனைவி கட்டாரில் வேலை செய்கிறா. இரண்டு மகன்மாருக்கும் நான்தான் சமையல். தொடங்கின புதிதில் விடிய எழும்பி வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றால் நேரம் எங்கே போகிறது என்றே தெரியாது. இப்போது வேலையெல்லாம் ஞாயிறு பின்னேரம் முடிந்துவிடும். நான் செய்வதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கு உதவுமா பாருங்கள்.

கட்லட்: ஒரு ரின் மீன், 425 கிராம் ரின். தண்ணீரை வடித்து, நடு முள்ளை எடுத்துவிட்டு உதிர்ப்பேன். அரைக் கிலோ உருளைக்கிழங்கு அவித்து மசிக்க வேண்டும். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை பொடியாக வெட்டி வதக்கி, மிளகுத்தூள் போட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்தால் 20 உருண்டைக்கு மேல் வரும். சூரை மலிவாகக் கிடைக்கும் நாளில் ரின் மீனுக்குப் பதில் சூரையை அவித்துப் போடுவேன், அதன் ருசி வேறு. உருண்டைகளைக் கோதுமை மாக் கரைசலில் தோய்த்து ரஸ்குத் தூளில் பிரட்டி, ஒன்றோடொன்று முட்டாமல் தட்டில் அடுக்கி பிரீசரில் வைக்க வேண்டும். கல் மாதிரி இறுகின பிறகுதான் ஒரு பையில் போட வேண்டும். முதலே பையில் போட்டால் எல்லாம் ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். விடிய ஆளுக்கு மூன்று எடுத்து, சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மெல்லிய நெருப்பில் பிரட்டிப் பிரட்டிப் பொரிக்க வேண்டும். நெருப்பைக் கூட்டினால் வெளியே கருகும், நடுவில் ஐஸ் கிடக்கும். ஒன்றைப் பிய்த்து நடுவைத் தொட்டுப் பார்ப்பேன், ஆவி பறக்க வேண்டும்.

ரொட்டி: ஆட்டா மா இரண்டு கப், தேங்காய்ப்பூ ஒரு கப், உப்பு, வெங்காயம், ஒரு கைப்பிடி முருங்கை இலை. இளஞ்சூட்டுத் தண்ணீரில் குழைத்து எட்டு உருண்டையாக்கி மூடி பிரிஜ்ஜில் வைப்பேன். இரண்டு நாளைக்குள் முடித்துவிட வேண்டும், தேங்காய்ப்பூ இருக்கிறது. விடிய தட்டிப் போடுவதுதான் வேலை. உள்ளங்கை அளவுக்குத் தட்டுங்கள். பெரிய ரொட்டியைச் சின்னப் பிள்ளை பிய்த்துச் சாப்பிட மினக்கெடும். சின்னதாக நாலு என்றால் கையில் எடுத்துக் கடித்துக்கொண்டே போகும்.


கிண்ணியா ராத்தா | ஞாயிறு இரவு 10:41

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும். சீனக்குடா அப்பா சொன்ன ரொட்டிக்கு மாவை நல்லெண்ணெய் தடவி மூடி வைத்தால் மேலே காய்ந்து தோல் கட்டாது.

எங்கள் வீட்டில் கிழமைக்கு இரண்டு நாள் கௌபிப் பயறு. இரவே ஊறப் போட்டுவிட்டால் விடிய குக்கரில் இரண்டு மூன்று விசிலில் வெந்துவிடும். கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை தாளித்துப் பிரட்டிக் கொடுப்பேன். தேங்காய்ப்பூ போட்டால் ருசிதான், ஆனால் 11 மணிக்குள் மணம் மாறிவிடுகிறது. அதனால் பள்ளிக்கூடத்துக்கு என்றால் தேங்காய் இல்லாமலே. கூடவே ஒரு கதலி வாழைப்பழம். உங்கள் வெள்ளிக்கிழமைக்கும் சரியாக இருக்கும்.


அன்புவழிபுரம் அன்ரி | திங்கள் காலை 6:05

நான் 30 வருடத்துக்கு மேல் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். சம்பல் புளித்த கதையை வாசித்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

மகளே, சாப்பாடு பழுதாகும் சூடு 5 பாகையில் இருந்து 60 பாகை வரைக்கும். அந்த இடைவெளியில்தான் கிருமி கெதியாகப் பெருகும். சமைத்ததை வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம், வெயில் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணித்தியாலம்தான் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இங்கே வைகாசி, ஆனியில் கச்சான் காற்று வீசும்போது 34, 35 பாகை சாதாரணம். நீங்கள் 5:30க்குக் கட்டுகிற பெட்டியைப் பிள்ளை 10:30க்குத் திறக்கிறாள். நடுவில் ஐந்து மணித்தியாலம், வானுக்குள் இருக்கிற நேரமும் சேர்த்து. அதனால் எதைக் கட்டுகிறோம் என்பதைவிட எப்படிக் கட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

பச்சைத் தேங்காய்ச் சம்பல், சொதி, தேங்காய்ப்பால் விட்ட கறி மூன்றையும் பள்ளிக்கூடப் பெட்டியில் இருந்து எடுத்துவிடுங்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கு இருக்கட்டும். சம்பல் வேண்டும் என்று பிள்ளை கேட்டால் தேங்காய்ப்பூவைச் சட்டியில் சிவக்க வறுத்து, செத்தல் மிளகாயோடு இடித்துக் கொடுக்கலாம். ஈரம் போனதால் தாங்கும். சீனிச் சம்பலும் தாங்கும்.

சூட்டோடு மூடியை அடைக்கக் கூடாது. ஆவி மேலே போய்த் தண்ணீராகி உள்ளேயே விழும். உங்கள் புட்டு களியானது அதனால்தான். அவித்த உடன் தட்டில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே 10 நிமிடம் விட்டு, கை வைத்தால் சூடு தெரியாத நிலையில் கட்டுங்கள். சூடாகத்தான் கொடுக்க வேண்டும் என்றால் வாய் அகன்ற பிளாஸ்க்கில் முதலில் கொதிதண்ணீர் ஊற்றி 5 நிமிடம் வைத்து, அதைக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கப் பறக்கச் சாப்பாட்டைப் போட்டு உடனே மூடுங்கள். வெதுவெதுப்பாக வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

இன்னொன்று. இரவுச் சோற்றை அடுப்பில் அப்படியே விட்டுவிட்டு, விடிய முட்டை போட்டுப் பொரித்துக் கட்டிக் கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன. சோற்றில் பசிலஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி இருக்கலாம். அதன் வித்து வேகும்போது சாகாது. வெளியே கிடந்த சோற்றில் அது நஞ்சை விட்டுவிட்டால் பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது, வாந்தி வரும். மிஞ்சிய சோற்றை ஆறினதும், இரண்டு மணித்தியாலத்துக்குள், தட்டையான பாத்திரத்தில் பரப்பி பிரிஜ்ஜில் வைத்தால் மறுநாள் நன்றாகச் சூடாக்கிப் பாவிக்கலாம்.

தண்ணீர்ப் போத்தலைப் பாதி நிரப்பி பிரீசரில் படுக்க வைத்துவிட்டு, விடிய மீதியை நிரப்பிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். சாப்பாடும் குளிர்ச்சியாக இருக்கும், தண்ணீரும் கிடைக்கும்.

நிலாவெளித் தம்பிக்கும் ஒரு சொல். ஜூஸ் பக்கற்றின் முன்பக்கத்தில் வட்டமாக நிறம் போட்டிருக்கும், பாருங்கள். 2016இல் இருந்து இந்த நாட்டில் இனிப்புப் பானங்களுக்கு அது கட்டாயம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவு என்றால் பச்சை, நடுவில் உள்ளது மஞ்சள். சிவப்பு வட்டம் போட்ட 200 மில்லிலீற்றர் பக்கற் ஒன்றில் ஐந்து தேக்கரண்டிக்கு மேல் சீனி இருக்கும். நாங்கள் பிள்ளையின் தேத்தண்ணிக்கு ஐந்து கரண்டி போடுவோமா?


நிலாவெளி தம்பி | திங்கள் காலை 7:50

அன்ரி, வீட்டில் இருந்த பக்கற்றை எடுத்துப் பார்த்தேன். மஞ்சள்தான், ஆனால் சிவப்புக்குக் கிட்ட. இவ்வளவு நாளும் அந்த வட்டத்தை நான் கவனித்ததே இல்லை. நாளைக்குத் தண்ணீர் கொடுத்துவிடுகிறேன். பனிஸுக்குப் பதில் என்ன, கட்லட் பிரீசரில் வைக்க எங்கள் பிரிஜ்ஜில் இடம் காணாது.


பாலையூற்று அக்கா | திங்கள் காலை 8:12

தம்பி, முட்டை. இரவே 10 நிமிடம் அவித்து, கோதுடன் பிரிஜ்ஜில் வைத்துவிடுங்கள். விடிய கோது உடைத்து, இரண்டாக வெட்டி, உப்பும் மிளகுத்தூளும் தூவினால் முடிந்தது. கோதைப் பிள்ளையிடம் உடைக்கவிட வேண்டாம், அது மேசையெல்லாம் கொட்டிவிட்டுச் சாப்பிடாமல் வரும். ஒரு முட்டையும் பாண் இரண்டு துண்டும், பழம் ஒன்றும் போதும்.


தம்பலகாமம் ரீச்சர் | திங்கள் பின்னேரம் 4:30

ஆரம்பப் பிரிவில் 14 வருடமாகப் படிப்பிக்கிறேன். இடைவேளையில் பிள்ளைகளோடுதான் இருப்பேன், அதனால் பார்த்ததைச் சொல்கிறேன்.

உப்புவெளி அம்மா, உங்கள் மகளின் பெட்டி எப்படிப்பட்டது? நாலு பக்கமும் பூட்டு உள்ள, உள்ளே இறப்பர் பட்டி வைத்த பெட்டியா? அந்த மூடிகளைத் திறக்க ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு விரலில் பலம் போதாது. சூட்டோடு மூடியிருந்தால் உள்ளே காற்று இறுகி, எனக்கே சில நாள் கரண்டிக் காம்பால் கிளப்ப வேண்டியிருக்கும். சில பிள்ளைகள் என்னிடம் கொண்டு வரும். சில பிள்ளைகள் வெட்கத்தில் கேட்காது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, மணி அடித்ததும் பையில் வைத்துவிடும். வகுப்பில் 35 பிள்ளைகள் இருக்கும்போது எல்லோரையும் கவனிக்கவும் முடிவதில்லை. எனக்கு அது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

இன்று இரவு பெட்டியில் நாலு பிஸ்கட் போட்டு மூடிக் கொடுத்து, உதவாமல் பாருங்கள். சும்மா பாருங்கள், ஒன்றும் சொல்ல வேண்டாம்.


உப்புவெளி அம்மா | திங்கள் இரவு 9:25

ரீச்சர், எழுதும்போதே கை நடுங்குகிறது.

நீங்கள் சொன்னபடி மேரி பிஸ்கட் போட்டு மூடிக் கொடுத்தேன். அவள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, பெருவிரல் இரண்டாலும் பூட்டைத் தள்ளினாள். ஒரு பக்கம் திறந்தது. மற்றப் பக்கம் திறக்கப் போக முதல் பக்கம் திரும்ப மூடிக்கொண்டது. பிறகு பல்லால் கடித்தாள். பூட்டின் ஓரத்தில் பல் அடையாளங்கள் இருக்கின்றன. தினமும் அந்தப் பெட்டியைக் கழுவுகிறேன், எலி கடித்ததோ என்று கூட ஒரு நாள் நினைத்தேன், இதுதான் என்று தெரியவில்லை.

மடியில் வைத்துக் கேட்டேன். மெதுமெதுவாகச் சொன்னாள். மூடி திறக்கிற நாளில்கூடச் சம்பல் சட்டையில் ஊற்றிவிடும் என்று பயமாம். முதல் தவணையில் ஒரு நாள் வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறையோடு வந்தாள். அன்று நான் ஏசினேன். எனக்கு அது மறந்துபோய்விட்டது. அவளுக்கு மறக்கவில்லை.

சட்டை கறைப்பட்டால் அம்மா தோய்ப்பேன், நீ சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக்கு என்ன கட்டுவது என்று தெரியவில்லை. கறைபடாத, கையில் பிடித்துச் சாப்பிடக்கூடிய ஏதாவது.


கிண்ணியா ராத்தா | திங்கள் இரவு 9:33

அழாதீர்கள் தங்கச்சி. நாங்கள் எல்லோரும் ஏசியிருக்கிறோம். நாளைக்கு முட்டை ரொட்டி செய்யுங்கள். ரொட்டியைத் தட்டிப் போட்டு, ஒரு பக்கம் வெந்ததும் அடித்த முட்டையை ஊற்றிப் பிரட்டி, சுருட்டி, மூன்றாக வெட்டுங்கள். மஞ்சள் போட வேண்டாம். ஒரு சொட்டும் ஒழுகாது.


சீனக்குடா அப்பா | திங்கள் இரவு 9:40

பெட்டியை மாற்றுங்கள் அக்கா. என் சின்னவனுக்கு எவர்சில்வர் பெட்டி, மேலே தூக்கினால் திறக்கிற சாதாரண மூடி. ஒழுகும்தான், ஆனால் நாங்கள் ஒழுகாத சாப்பாடுதானே வைக்கிறோம். கடையிலேயே பிள்ளையின் கையில் கொடுத்து ஐந்து தரம் திறந்து மூடச் சொல்லிவிட்டுத்தான் காசு கொடுத்தேன்.


ஆத்திமோட்டை அம்மம்மா | செவ்வாய் காலை 9:15

பேரப்பிள்ளைகளுக்காக நானும் கட்டுகிறேன். எங்கள் காலத்தில் பெட்டி எங்கே இருந்தது? வாழையிலையை அடுப்பு அனலில் வாட்டி, அதற்குள் புட்டும் வாழைப்பழமும் வைத்து மடித்து, பழைய பேப்பரால் சுற்றித் தருவார் அம்மா. விரித்தால் தட்டு, முடிந்தால் எறியலாம். பிறகு லஞ்ச் சீற் வந்து இலையை மறந்துபோனோம். 2017 செப்டம்பரில் பொலித்தீன் லஞ்ச் சீற்றைத் தடை செய்த பிறகு நான் திரும்ப இலைக்கு வந்துவிட்டேன். முற்றத்தில் இரண்டு வாழை நிற்கிறது.

இலையை வாட்டாமல் மடித்தால் கிழியும். நரம்புப் பக்கம் நெருப்பைப் பார்க்க, மெல்ல இழுத்துக்கொண்டு போனால் பச்சை நிறம் கறுத்து மினுங்கும், அதுதான் பதம். துணியால் துடைத்துவிட்டுக் கட்ட வேண்டும். மூடி திறக்க முடியாத பிள்ளைக்கு இலைப் பொட்டலம் நல்லது, ஒரு நூலை இழுத்தால் போதும். அதையே எவர்சில்வர் பெட்டிக்குள் வைத்தால் நசியாது.

பிள்ளை நிறை குறைவு என்றாய் மகள். உழுத்தம்மாவும் அரிசிமாவும் வறுத்து, சர்க்கரைப் பாகில் எள்ளோடு உருண்டை பிடித்து வை. இரண்டு கிழமை இருக்கும். பெட்டியின் மூலையில் ஒன்று போட்டுவிடு. கச்சான் (நிலக்கடலை) உருண்டையும் நல்லது, ஆனால் வகுப்பில் கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிறதா என்று ரீச்சரிடம் கேட்டுக்கொள். முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு முழுக் கச்சான் கொடுக்கவே கூடாது, தொண்டையில் சிக்கும். இடித்துத்தான் கொடுக்க வேண்டும்.


நிலாவெளி தம்பி | செவ்வாய் மதியம் 1:05

அம்மம்மா, திரிபோஷா உருண்டை பிடிக்கலாமா? தங்கையின் குழந்தைக்குக் கிளினிக்கில் கொடுத்தது வீட்டில் இருக்கிறது.


அன்புவழிபுரம் அன்ரி | செவ்வாய் மதியம் 2:20

நான் பதில் சொல்கிறேன் தம்பி. திரிபோஷா சோளம், சோயா, பால் மா கலந்தது. அது அந்தக் குழந்தையின் நிறைக்காகவும் தாய்க்காகவும் கொடுக்கிறது, குழந்தையின் பங்கை எடுக்க வேண்டாம். உங்கள் மகனுக்குக் கடையில் விற்கிற தானிய மாவிலோ, வீட்டில் வறுத்த பயற்றம் மாவிலோ உருண்டை பிடிக்கலாம். மாவைக் கொஞ்சம் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்து உடனே சாப்பிடக் கொடுப்பது வீட்டில். பள்ளிக்கூடத்துக்கு என்றால் தேங்காய்க்குப் பதில் பிசைந்த வாழைப்பழமோ ஈச்சம்பழமோ போட்டுப் பிசையுங்கள்.

கௌபியோ பயறோ கீரை ரொட்டியோ கொடுக்கிற நாளில் ஒரு துண்டு கொய்யாவோ தோடம்பழமோ கூட வையுங்கள். அதில் உள்ள விற்றமின் சி இருந்தால்தான் பயறு, கீரையின் இரும்புச் சத்தை உடம்பு நன்றாக எடுக்கும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் அது குறையும். விடிய பிள்ளைக்குச் சாயத் தண்ணி கொடுத்து அனுப்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.


தம்பலகாமம் ரீச்சர் | செவ்வாய் இரவு 8:00

அம்மம்மாவின் இலைப் பொட்டலத்தை எங்கள் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் கொண்டு வருகிறார்கள். மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்து ஆசைப்படுவார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெட்டி கொண்டு வராத பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் காஸும் இல்லை, மாவும் இல்லை என்று இருந்த நேரத்தில் நிறையப் பேர் வெறுங்கையோடு வந்தார்கள், காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். இப்போது பள்ளிக்கூடத்தில் காலைச் சாப்பாடு கிடைக்கிற பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள், ஆனாலும் சாப்பாடு வராத நாள் என்று ஒன்று வரும். அந்த நாளில் வாசல் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை எனக்குத் தெரியும்.

முடிந்தவர்கள் ஒரு ரொட்டி கூட வைத்து, "பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்குக் கொடு" என்று சொல்லி அனுப்புங்கள். இல்லாத பிள்ளைக்கு என்று சொல்லாதீர்கள். உங்கள் பிள்ளை அதைச் சத்தமாகச் சொல்லிவிடும், மற்றப் பிள்ளை வாங்காது. சும்மா பங்கு போட்டுச் சாப்பிடப் பழக்கினால் அது தன்பாட்டில் நடக்கும். இறைச்சி, முட்டை சாப்பிடாத பிள்ளைகள், ஹலால் பார்க்கிற பிள்ளைகள் எல்லோரும் ஒரே வாங்கில் இருப்பதால், கூட வைப்பது ரொட்டியாக, பழமாக, கௌபியாக இருந்தால் யாருக்கும் தடை இல்லை.


கிண்ணியா ராத்தா | செவ்வாய் இரவு 8:22

இன்ஷா அல்லாஹ் நாளையில் இருந்து இரண்டு ரொட்டி கூடச் சுடுகிறேன் ரீச்சர். மாவு குழைக்கிற நேரம் ஒன்றுதானே.


பாலையூற்று அக்கா | புதன் காலை 8:30

என் மூத்தவள் இப்போது தரம் 9. அவளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "அம்மா, நானும் தரம் 2இல் மூடி திறக்க ஏலாமல் ஒரு தவணை முழுக்கப் பக்கத்துப் பிள்ளையிடம் குடுத்துத்தான் திறந்தனான்" என்கிறாள். ஏழு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வருகிறது.


உப்புவெளி அம்மா | மூன்று கிழமைக்குப் பிறகு, சனி காலை 10:15

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று கிழமை நடுவில் இருந்தே நினைத்தேன், இன்றுதான் நேரம் கிடைத்தது.

எவர்சில்வர் பெட்டி வாங்கினோம். மத்திய வீதியில் ஒரு கடையில் மகளே ஆறு ஏழு பெட்டியைத் திறந்து மூடிப் பார்த்துத் தெரிவு செய்தாள். கடைக்காரர் பொறுமையாக எடுத்து எடுத்துக் கொடுத்தார். ஞாயிறு பின்னேரம் அவளும் நானும் கட்லட் உருட்டுகிறோம். அவள் உருட்டினது ஒன்றும் வட்டமாக இராது, ஆனால் அவற்றை அடையாளம் வைத்துத் தன் பெட்டிக்கு எடுக்கிறாள். திங்கள் கட்லட்டும் பாணும், செவ்வாய் முட்டை ரொட்டி, புதன் கௌபி, வியாழன் உதிர்த்த இடியப்பம், வெள்ளி இலைப் பொட்டலத்தில் புட்டும் வாழைப்பழமும். இப்போது 5:30க்குத்தான் எழும்புகிறேன்.

முதல் கிழமை இரண்டு நாள் மிச்சம் வந்தது. கௌபி உறைப்பு என்றாள், மிளகாயைக் குறைத்தேன். இரண்டாம் கிழமையில் இருந்து பெட்டி காலி. வியாழன் மட்டும் கொஞ்சம் இடியப்பம் மிஞ்சியிருந்தது, கேட்டதற்கு அன்று பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டிப் பயிற்சியாம், ஓட வேண்டியிருந்ததாம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று வெள்ளைச் சட்டையின் முன்பக்கத்தில் வாழைப்பழம் அப்பிக்கொண்டு வந்தாள். வாசலிலேயே நின்று என் முகத்தைப் பார்த்தாள். "பழம் நல்லா இருந்ததா?" என்று கேட்டேன். தலையாட்டிவிட்டுச் செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள்.

சட்டை இன்னும் வாளியில் ஊறுகிறது, வாழைப்பழக் கறை லேசில் போகாது போலிருக்கிறது. யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.


ஆத்திமோட்டை அம்மம்மா | சனி காலை 10:52

தேசிக்காய்ப் பாதியில் உப்புத் தொட்டுக் கறையில் தேய்த்து, அரை மணித்தியாலம் வெயிலில் போட்டு, பிறகு சவர்க்காரம் போட்டுத் தோய் மகள். சுடுதண்ணீர் ஊற்றாதே, கறை பிடித்துக்கொள்ளும்.


நிலாவெளி தம்பி | சனி காலை 11:30

அக்கா, அந்தக் கௌபிக்கு எத்தனை மிளகாய் போடுகிறீர்கள்? என் மகனும் உறைப்பு என்று வைத்துவிட்டு வருகிறான்.


உப்புவெளி அம்மா | சனி மதியம் 12:10

ஒரு கப் கௌபிக்கு ஒரே ஒரு செத்தல் மிளகாய், விதையைத் தட்டிவிட்டு. தாளித்ததும் மிளகாயை எடுத்துவிடுவேன். இறக்கும்போது பாதித் தேசிக்காய் பிழிந்தால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.